முப்புரிக் கயிற்றின் ரகசியம்!

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோவில் மாட வீதியில் பூக்கட்டும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறீர்களா குழந்தைகளே? வாழை நாரின் ஒரு முனையைக் கால் கட்டை விரலில் மாட்டிக் கொள்வார்கள். பிறகு மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று ஒவ்வொன்றாக வைத்து, விரல்கள் பறக்கப் பறக்கத் தொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு முழம், இரண்டு முழம் என்று சரம் நீண்டு விடும்.

இதேபோல இயற்கையும் நம் உடலுக்குள் சரம் தொடுத்துக் கொண்டே இருக்கிறது. அந்தச் சரத்தில் பூக்களுக்குப் பதிலாக இருப்பவை அமினோ அமிலங்கள். முக்கியமானவை 20 வகை. அவற்றை மாற்றி மாற்றித் தொடுத்தால் கிடைக்கும் நீண்ட சரம்தான் புரதம். தோல், எலும்பு, முடி, ரத்தம் எல்லாவற்றிலும் இந்தச் சரங்கள் உண்டு.

பூச்சரம் கூந்தலில் வளைந்து நிற்கும். புரதச் சரம் எப்படி வளைந்து நிற்கும்? எந்தப் பக்கம் திரும்பும்? எந்தப் பக்கம் திரும்பவே முடியாது? இந்தக் கேள்விகளுக்கு உலகமே ஏற்றுக்கொண்ட விடை, நம் சென்னையில், அடையாறுக்குப் பக்கத்தில் உள்ள கிண்டி வளாகத்தில் பிறந்தது. அந்த விடையைத் தந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறோம்.

கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளை

ஜி.என்.ராமச்சந்திரன் 1922ம் ஆண்டு அக்டோபர் 8ம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயருக்கு முன்னால் உள்ள 'ஜி' என்பது கோபாலசமுத்திரம். திருநெல்வேலிப் பக்கம் உள்ள இந்த ஊர்தான் அவருடைய குடும்பத்தின் பூர்வீகம். 'என்' என்பது அப்பா நாராயண ஐயர். அம்மாவின் பெயர் லட்சுமி அம்மாள்.

அப்பா எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டில் கணக்கு ஒரு விளையாட்டுப் பொருள் மாதிரி இருந்தது. மற்றப் பிள்ளைகள் பயந்து ஓடும் கணக்குகளை, ராமச்சந்திரன் அப்பாவிடம் உட்கார்ந்து ஆசையாகக் கற்றுக்கொண்டார். அப்போது ஊன்றிய அந்த விதை, பிற்காலத்தில் பெரிய மரமானது.

பள்ளிப் படிப்புக்குப் பிறகு, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் சேர்ந்தார். 1942ம் ஆண்டு பட்டம் பெற்றபோது, சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் அவருக்குத்தான்!

அதே ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். சேர்ந்தது எந்தத் துறை தெரியுமா? மின் பொறியியல்! ஆனால், அந்த நிறுவனத்தின் இயற்பியல் துறையில் ஒரு காந்தம் இருந்தது. அவர்தான் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமன். இளைஞரின் திறமை ராமனின் கண்ணில் பட்டது. மின் பொறியியல் மாணவர், இயற்பியல் மாணவராக மாறினார்.

ராமனிடம் படிகங்களைப் பற்றியும், ஒளியைப் பற்றியும் ஆராய்ச்சி செய்தார். 1945ம் ஆண்டு ராஜலட்சுமியை மணந்தார். 1947ம் ஆண்டு டி.எஸ்சி. பட்டம் பெற்றார். பிறகு இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்தார். அங்கே பிஎச்.டி. பட்டமும் வாங்கிக்கொண்டு, 1949ல் தாய்நாடு திரும்பினார். கேம்பிரிட்ஜில் இருந்தபோது, அமெரிக்க வேதியியல் மேதை லைனஸ் பாலிங்கின் சொற்பொழிவுகளைக் கேட்டார். பெரிய மூலக்கூறுகளின் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசை அப்போதே மனதில் விழுந்து விட்டது.

கிண்டிக்கு வந்த இளம் பேராசிரியர்

1952ம் ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார். கிண்டி வளாகத்தில் புதிதாக இயற்பியல் துறை தொடங்க விரும்பினார். தலைமை ஏற்க வருமாறு சர் சி.வி.ராமனையே அழைத்தார். ராமன் வர இயலாது என்று கூறி, தன் மாணவர் ராமச்சந்திரனின் பெயரைச் சொன்னார். குருவின் வாக்கைத் துணைவேந்தர் ஏற்றார். சுமார் 30 வயதிலேயே ஒரு துறைக்குத் தலைவரானார் ராமச்சந்திரன்.

பதவி கிடைத்து விட்டது. எதை ஆராய்வது?

அந்த ஆண்டு ஜே.டி.பெர்னல் என்ற விஞ்ஞானி சென்னை வந்தார். பேச்சுவாக்கில், கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் சரியாகத் தெரியவில்லை என்பதைக் குறிப்பிட்டார். அதுவரை பலர் சொன்ன வடிவங்கள் எதுவும் அவருக்குத் திருப்தியாக இல்லை. ராமச்சந்திரன் இதைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டார்.

கொலாஜன் என்றால் என்ன? நம் தோலை இழுத்தால் கிழிவதில்லை. எலும்பு லேசில் உடைவதில்லை. தசையை எலும்போடு கட்டி வைக்கும் தசைநாண், கயிறு மாதிரி உறுதியாக இருக்கிறது. எல்லாவற்றிற்கும் காரணம் கொலாஜன்தான். பாலூட்டிகளின் உடலில் மிக அதிகமாக இருக்கும் புரதமும் இதுதான். நீங்கள் போட்டிருக்கும் தோல் செருப்பும், இடுப்பில் கட்டும் தோல் பெல்ட்டும்கூட, பதப்படுத்திய கொலாஜனே!

கிண்டி வளாகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அடையாறில், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. 1948ம் ஆண்டு தொடங்கப்பட்டது. தோல் என்றாலே கொலாஜன்தானே! ஆராய்ச்சிக்குத் தேவையான கொலாஜனை அங்கிருந்தே பெற்றுக்கொண்டார் ராமச்சந்திரன். பிறகு கங்காரு வாலின் தசைநாணையும் பயன்படுத்தினார். அதில் கொலாஜன் இழைகள் மிக ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்ததால், தெளிவான படங்கள் கிடைத்தன.

புள்ளிகளிலிருந்து கோலம்

மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாது. பிறகு எப்படி அதைப் படம் பிடிப்பது?

கொலாஜன் இழையின் மீது எக்ஸ்ரே கதிர்களைப் பாய்ச்சினால், அவை சிதறிப் போய், பின்னால் உள்ள பிலிமில் புள்ளிகளாகவும், திட்டுகளாகவும் பதியும். மார்கழி மாதம் வாசலில் புள்ளிக் கோலம் போடுவார்களே, அதில் புள்ளிகளை மட்டும் காட்டி, கோடுகளை நீயே கண்டுபிடி என்று சொன்னால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் இந்த வேலை. கணக்கு தெரிந்தவர்தான் கோலத்தை முடிக்க முடியும்.

ராமச்சந்திரனுடன் சேர்ந்து இந்தக் கோலத்தைப் போட்டவர், கோபிநாத் கர்த்தா என்ற இளம் ஆராய்ச்சியாளர்.

அவர்களுக்கு ஒரு துப்பு இருந்தது. கொலாஜன் சரத்தில் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசீன். இதுதான் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. ஏன் இவ்வளவு கிளைசீன் என்று யோசித்தார் ராமச்சந்திரன். மூன்று சரங்கள் ஒன்றோடொன்று நெருங்கி நின்றால், நடுவில் மிகக் குறுகிய இடம்தான் இருக்கும். அந்த இண்டு இடுக்கில் சின்னப் பையனான கிளைசீன் மட்டும்தான் நுழைய முடியும். ஒவ்வொரு சரத்திலும் மூன்றுக்கு ஒன்று கிளைசீனாக இருந்தால், எல்லாம் அழகாகப் பொருந்தி விடும்!

ஆக, கொலாஜன் ஒற்றைச் சரம் இல்லை. மூன்று சரங்கள் சேர்ந்தது. 1954ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 'நேச்சர்' என்ற உலகப் புகழ்பெற்ற அறிவியல் இதழில் ராமச்சந்திரனும் கர்த்தாவும் இதை வெளியிட்டனர்.

ஆனாலும், சில எக்ஸ்ரே புள்ளிகள் இன்னும் முழுமையாகப் பொருந்தவில்லை. மீண்டும் யோசித்தார். அப்போது அவருக்கு உதவிக்கு வந்தது யார் தெரியுமா? நிலா!

நிலா பூமியைச் சுற்றுகிறது. தன்னைத்தானேயும் சுற்றிக்கொள்கிறது. ஆனால், எப்போதும் ஒரே முகத்தைத்தான் பூமிக்குக் காட்டும். அதேபோல, ஒவ்வொரு சரமும் தன்னைத்தானே முறுக்கிக் கொண்டு, மூன்றும் சேர்ந்து இன்னொரு முறை முறுக்கிக் கொண்டால், கிளைசீன் முகம் எப்போதும் உட்பக்கமே பார்த்தபடி இருக்கும் அல்லவா? 1955ம் ஆண்டு செப்டம்பரில், இந்த முறுக்கிய வடிவம் வெளிவந்தது.

தேங்காய் நார்க் கயிறு ஒன்றை எடுத்து, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு புரியும் ஒரு திசையில் முறுக்கியிருக்கும். புரிகள் சேர்ந்த கயிறு எதிர்த் திசையில் முறுக்கியிருக்கும். அதனால்தான் கயிறு எளிதில் பிரியாமல் இருக்கிறது. கொலாஜனும் அப்படியே! ஒவ்வொரு சரமும் இடமாக, மூன்றும் சேர்ந்து வலமாக. இயற்கை திரித்த முப்புரிக் கயிறு அது.

இந்தக் கயிற்றில் ஒரே ஒரு கிளைசீன் மாறிப் போனாலும் ஆபத்து. அந்த இடத்தில் பெரிய அமினோ அமிலம் வந்து உட்கார்ந்தால் கயிறு சரியாக முறுக்கிக்கொள்ளாது. தொட்டால் எலும்பு முறியும் ஒரு பிறவி நோய்க்கு இத்தகைய மாற்றமே முக்கியக் காரணம் என்று பின்னாளில் தெரிய வந்தது. வைட்டமின் 'சி' குறைந்தால் ஈறுகளில் ரத்தம் வருவதும் ஏன் தெரியுமா? கொலாஜன் கயிறு உறுதியாக முறுக்கி நிற்க, வைட்டமின் 'சி'யின் உதவி தேவை. நெல்லிக்காய் சாப்பிடச் சொல்லிப் பாட்டி விரட்டுவது சும்மா இல்லை!

சண்டையா? ஆராய்ச்சியா?

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே 1955ம் ஆண்டு இறுதியில், கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக். கிரிக் யார் தெரியுமா? 1953ல் ஜேம்ஸ் வாட்சனுடன் சேர்ந்து டி.என்.ஏ.,வின் இரட்டைச் சுருளைக் கண்டுபிடித்தவர். உலகமே அவர் பேச்சைக் கேட்கும் நேரம் அது.

மூன்று சரங்கள் முறுக்கிக் கொண்டிருப்பதை அவர்களும் ஒப்புக்கொண்டனர். ஆனால், சரங்களைப் பிணைத்து வைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு, மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு என்று ராமச்சந்திரன் கூறியிருந்தார். அது ஒன்றுதான் இருக்க முடியும் என்றனர் அவர்கள். ராமச்சந்திரனின் வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன, அது சாத்தியமில்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கோபித்துக் கொண்டு உட்கார்ந்து விடுவீர்களா?

ராமச்சந்திரன் ஒரு கேள்வி கேட்டார். அணுக்கள் நெருங்கக் கூடாது என்கிறார்களே, எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்? அதை யாராவது முறையாக அளந்து வைத்திருக்கிறார்களா?

தேடிப் பார்த்தார். முறையான அளவு இல்லை. சரி, நாமே கண்டுபிடித்து விடுவோம் என்று இறங்கினார். அவருடைய மாணவர்கள் சி.ராமகிருஷ்ணனும், வி.சசிசேகரனும் தோள் கொடுத்தனர். அதுவரை வடிவம் தெரிந்த அமினோ அமிலப் படிகங்களை எல்லாம் அலசினர். எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று பட்டியல் போட்டனர். இன்றைய கணிப்பொறிகள் அப்போது அவர்கள் கையில் இல்லை. மேஜைக் கணக்குக் கருவியும், பொறுமையும்தான் துணை.

பிறகு கணக்கைத் தொடங்கினர். புரதச் சரத்தில் ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் இரண்டு இடங்களில்தான் தாராளமாகத் திரும்ப முடியும். அந்த இரண்டு கோணங்களுக்குப் பை, சை என்று பெயர். ஒன்றைப் படுக்கைக் கோட்டிலும், மற்றொன்றைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து ஒரு கட்டம் போட்டனர். ஒவ்வொரு கோணத்திலும் அணுக்கள் இடித்துக் கொள்கின்றனவா என்று சோதித்தனர்.

பள்ளி ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து போயிருப்பீர்கள். கையை இந்தப் பக்கம் நீட்டினால் பக்கத்தில் இருப்பவரின் மூக்கில் இடிக்கும். அந்தப் பக்கம் திரும்பினால் புத்தகப் பை இடிக்கும். கடைசியில், ஒன்றிரண்டு மாதிரியாக மட்டுமே வசதியாக உட்கார முடியும். புரதச் சரமும் அப்படித்தான். மொத்தக் கட்டத்தில் கால் பங்குக்கும் குறைவான இடமே அதற்கு அனுமதி. மீதி எல்லாம் தடை செய்யப்பட்ட பகுதி!

1963ம் ஆண்டு வெளியான இந்த வரைபடம்தான் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகப் புகழ் பெற்றது. குற்றம் சொன்னவர்களுக்கு விடை தேடப் போய், உலகத்திற்கே பொதுவான ஓர் அளவுகோல் கிடைத்து விட்டது.

அதே ஆண்டு, இன்னொரு ஊரில்...

1963ம் ஆண்டு இன்னொரு அதிசயமும் நடந்தது. சென்னையில் ராமச்சந்திரன் சரம் எப்படி வளையும் என்று வரைந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் நியூயார்க் நகரில், ராக்பெல்லர் நிறுவனத்தில் இருந்த புரூஸ் மெரிபீல்டு என்பவர், அந்தச் சரத்தை மனிதனே எளிதாகத் தொடுப்பது எப்படி என்று சொன்னார்.

அதற்கு முன்பும் வேதியியலாளர்கள் அமினோ அமிலங்களைத் தொடுத்தனர். ஆனால், ஒவ்வொன்றைச் சேர்த்த பிறகும், கலவையிலிருந்து சரத்தைப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வீணாகும். ஒரு முறைக்கு நூற்றுக்குத் 90 பங்கு மிஞ்சினால், பத்து முறை முடிந்ததும் எவ்வளவு மிஞ்சும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 35 பங்குதான்! மாதக்கணக்கில் உழைத்தாலும் கையில் கொஞ்சம்தான் நிற்கும்.

மெரிபீல்டு என்ன செய்தார்? நம் பூக்கட்டும் அம்மா செய்வதைத்தான் செய்தார். சரத்தின் ஒரு முனையை எங்காவது மாட்டி விட்டார்! கால் விரலுக்குப் பதில் அவர் எடுத்துக்கொண்டது, பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன மிகச் சிறிய மணிகள். தெர்மோகோல் செய்யும் அதே பொருள்தான். முதல் அமினோ அமிலத்தை அந்த மணியோடு ஓர் இணைப்புக் கொக்கியால் மாட்டினார். அடுத்ததைச் சேர்த்தார். மிச்சம் மீதி இருப்பதைக் கரைசல் ஊற்றிக் கழுவி விட்டார். மணி கரையாது. எனவே, சரமும் ஓடாது. மறுபடி அடுத்தது, மறுபடி கழுவல். தேவையில்லாத பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் தற்காலிகமாக ஒரு தொப்பி மாட்டி, முறை வரும்போது கழற்றினார்.

எல்லாம் முடிந்ததும் சரத்தை மணியிலிருந்து கழற்ற வேண்டுமே! இங்கேதான் சூட்சுமம். அந்தக் கொக்கி, தொடுக்கும்போது இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். முடிந்த பிறகு, சரத்தில் ஒரு மணியைக்கூடச் சேதப்படுத்தாமல் விட்டுவிட வேண்டும். பாதியில் விட்டால் உழைப்பு போச்சு. கடைசியில் விடாவிட்டால் சரம் கைக்கு வராது!

மெரிபீல்டின் முதல் கொக்கியைக் கழற்ற மிகக் கடுமையான அமிலம் தேவைப்பட்டது. பிற்பாடு கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரஜன் புளோரைடைக்கூடப் பயன்படுத்தினர். அதற்குக் கண்ணாடிப் பாத்திரம் ஆகாது. தனிப் பாத்திரம் வேண்டும். ஆகவே, சாதுவான கொக்கிகளைத் தேடினர். 1973ல் வாங் என்பவர், கொஞ்சம் சாதுவான அமிலத்திலேயே கழன்றுவிடும் கொக்கியைக் கண்டுபிடித்தார். 1987ல் ரிங்க் என்பவரின் கொக்கி வந்தது. அதிலிருந்து கழலும் சரத்தின் முனை, உடலில் உள்ள பல ஹார்மோன்களின் முனையைப் போலவே அமைந்து விடும். வெளிச்சம் பட்டால் மட்டும் விட்டுவிடும் கொக்கிகளும் உண்டு! எந்தச் சரம் வேண்டுமோ, அதற்கேற்ற கொக்கி. இந்த முறைக்காக, 1984ல் மெரிபீல்டு நோபல் பரிசு பெற்றார்.

சென்னைக் கயிறும் செயற்கைச் சரமும்

இரண்டு கதைகளும் ஓர் இடத்தில் சந்தித்தன.

இயற்கைக் கொலாஜன் மிக நீளமானது. ஒரு சரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள். நல்ல படிகம் கிடைக்காது. படிகம் இல்லாவிட்டால் துல்லியமான எக்ஸ்ரே படமும் கிடைக்காது. பிணைப்பு ஒன்றா, இரண்டா என்ற வழக்குக்கு எப்படித் தீர்ப்புச் சொல்வது?

1968ல் ஜப்பானில் சகாகிபாரா என்பவரின் குழு, மெரிபீல்டு முறையில் மணிகளின் மீது குட்டிக் கொலாஜன் சரங்களைத் தொடுத்தது. புரோலின், புரோலின், கிளைசீன் என்ற மூன்றையும் திரும்பத் திரும்பச் சேர்த்தனர். கொக்கியைக் கழற்றி, கரைசலில் விட்டதும், மும்மூன்று சரங்கள் தாமாகவே முறுக்கிக் கொண்டு முப்புரிக் கயிறாகி விட்டன. ராமச்சந்திரன் சொன்ன மாதிரியே!

அதே 1968ல் ராமச்சந்திரன் இன்னொரு கருத்தையும் வெளியிட்டார். இரண்டாவது பிணைப்பு நேரடியாக இல்லாமல், நடுவில் ஒரு தண்ணீர் மூலக்கூறு நின்று இரண்டு சரங்களுக்கும் பாலம் போடலாம் என்பது அந்தக் கருத்து.

தீர்ப்பு வந்தது 1994ல். அமெரிக்காவில் ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்ஸ்கி ஆகியோரின் குழு, சோதனைச்சாலையில் தொடுத்த 30 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிக் கொலாஜனின் படிகத்தை மிகத் துல்லியமாக ஆராய்ந்தது. மூன்று சரங்கள், நடுவில் கிளைசீன், முறுக்கிய கயிறு எல்லாம் ராமச்சந்திரன் வரைந்தபடியே இருந்தன. நேரடிப் பிணைப்பு, ரிச்சும் கிரிக்கும் சொன்னபடி ஒன்றுதான். ஆனால், சரங்களைச் சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள் பாலம் போட்டுக்கொண்டு நின்றன!

பார்த்தீர்களா குழந்தைகளே? இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சரி. ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்தார். அறிவியல் வளர்வது இப்படித்தான்.

எட்டாத உயரமும் எளிய வாழ்வும்

புரதத்தோடு ராமச்சந்திரன் நிற்கவில்லை. 1970ல் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு, மீண்டும் பெங்களூரு சென்றார். இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1971ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து ஒரு பொருளின் உள் வடிவத்தை வேகமாகக் கணக்கிடும் வழியைச் சொன்னார். இன்று மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்களே, அந்தத் துறைக்கு இந்தக் கணக்கு பெரிதும் உதவியது.

1961ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றார். 1977ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1999ல் படிகவியலாளர்களின் சர்வதேச அமைப்பு, மிக உயர்ந்த எவால்டு பரிசை அவருக்கு அளித்தது. நோபல் பரிசு மட்டும் வரவில்லை.

கடைசிக் காலம் அவருக்கு எளிதாக இல்லை. நடுக்குவாத நோய் வாட்டியது. 1998ல் மனைவி ராஜலட்சுமி இறந்தது பெரிய இடியாக விழுந்தது. 2001ம் ஆண்டு ஏப்ரல் 7ம் தேதி, சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

ஆனால், அவர் போட்ட கட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. உலகின் எந்த மூலையில் யார் புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று பார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சோதிப்பார்கள். உலகப் புரதத் தகவல் வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வடிவங்கள் உள்ளன. வங்கியில் புரத வடிவம் சேரும்போது இந்தச் சோதனையும் நடக்கிறது.

அடுத்த முறை அடையாறு சர்தார் படேல் சாலையில் பேருந்தில் போகும்போது, மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை எட்டிப் பாருங்கள். அதன் உள்ளே இருக்கும் கலையரங்கத்தின் பெயர் என்ன தெரியுமா? 'டிரிபிள் ஹீலிக்ஸ்', அதாவது முச்சுருள் அரங்கம்!

குற்றம் சொன்னவர் மீது கோபப்படுவதற்குப் பதில், அவர் சொன்ன குற்றத்தையே ஒரு கேள்வியாக மாற்றினார் ராமச்சந்திரன். அந்தக் கேள்விக்கு விடை தேட, எட்டு ஆண்டுகள் உழைத்தார். உங்கள் பரீட்சைத் தாளில் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்தால், இனி முகம் சுளிக்காதீர்கள். அந்தச் சுழிக்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். என்ன, தேடுவீர்கள்தானே குழந்தைகளே?